எட்டு லட்சம் ரூபாய் காருக்கு இன்றைக்கு என்ன விலை? – வாசகர் கேள்வி பதில்

பழைய கார் விலைக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன், நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2021-இல் 8 லட்சம் ஷோரூம் விலையில் ஒரு சின்ன கார் வாங்கினேன். நாலரை வருடம் ஆகிறது. இன்ஷூரன்ஸ் பாலிசியில் 4 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். மருமகனுடைய ஆடிட்டர் 3.55 லட்சம்தான் வரும் என்கிறார். பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங்காரர் 4.75 லட்சம் தருகிறேன் என்கிறார். யார் சொல்வது சரி? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி)

மூன்று பேர் சொல்வதும் சரிதான் ஐயா. ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள், அதனால்தான் எண்கள் ஒத்துப்போகவில்லை.

முதலில் இன்ஷூரன்ஸ். பாலிசியில் ஐடிவி என்று இருப்பது, வண்டி திருடு போனாலோ, விபத்தில் பழுதுபார்க்கும் செலவு அந்தத் தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டி டோட்டல் லாஸ் ஆனாலோ உங்கள் கைக்கு வரக்கூடிய உச்சத் தொகை. இதற்கு நாடு முழுக்க ஒரே அட்டவணை: வண்டிக்கு 6 மாதம் வரை 5 சதவீதம் கழிவு, ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நாலு வரை 40, ஐந்து வரை 50. ஐந்து வருடம் தாண்டிவிட்டால் அட்டவணை கிடையாது, கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்வது. பலர் கவனிக்காத ஒன்று, இந்தக் கழிவு நீங்கள் அன்று கொடுத்த விலையிலிருந்து அல்ல, பாலிசி புதுப்பிக்கும் நாளில் அந்த மாடல் என்ன ஷோரூம் விலைக்கு விற்கிறதோ அதிலிருந்து. உங்கள் மாடல் இடையில் ஏறி, அப்புறம் வரி குறைந்ததில் இறங்கி, இன்றும் சுமார் 8 லட்சத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் பாதி கழித்து 4 லட்சம். கணக்கு நேராக வந்துவிட்டது.

இந்த அட்டவணையின் வடிவத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வருடம் கழிந்த பிறகு வருடத்துக்குப் பத்துப் பத்தாகக் குறைகிறது, அதாவது பத்தாம் வகுப்பில் படித்த கூட்டுத் தொடர்வரிசை. 80, 70, 60, 50. ஆனால் மிச்சமிருக்கும் மதிப்பில் எத்தனை சதவீதம் போகிறது என்று பார்த்தால் 80-இலிருந்து 70-க்கு 12.5 சதவீதம், 70-இலிருந்து 60-க்கு 14.3, 60-இலிருந்து 50-க்கு 16.7. வண்டி வயதாக ஆக இன்னும் வேகமாக மதிப்பை இழக்கிறது என்று இந்த அட்டவணை சொல்கிறது. சந்தையில் எந்தக் காரும் இப்படி நடந்துகொள்வதில்லை. அதனால் ஐடிவியைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசப் போகாதீர்கள், நாலைந்து வருட வண்டிக்கு அது பெரும்பாலும் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

அடுத்தது ஆடிட்டர். வருமான வரிக் கணக்கில் காருக்கு வருடம் 15 சதவீதம், அதுவும் ஒவ்வொரு வருடமும் மிச்சமிருக்கும் மதிப்பில் 15. எட்டு லட்சம் 6.8 ஆகி, 5.78 ஆகி, 4.91, 4.18 என்று இறங்கி ஐந்தாவது நிதியாண்டு முடிவில் 3.55 லட்சம். இது பெருக்குத் தொடர்வரிசை, ஒவ்வொரு முறையும் 0.85-ஆல் பெருக்குவது. எத்தனை வருடம் போனாலும் பூஜ்யத்தைத் தொடாது. ஆனால் இது தொழிலுக்கு ஓடும் வண்டிக்கு எவ்வளவு செலவு எழுதலாம் என்ற கேள்விக்கான பதில், பென்ஷன் வாங்கும் உங்களுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இதே கார் இருந்திருந்தால் எண் இன்னும் கீழே போயிருக்கும். 2013-ஆம் வருடத்துக் கம்பெனிகள் சட்டம் காருக்கு 8 வருட ஆயுள், கடைசியில் 5 சதவீத மிச்ச மதிப்பு என்று வைக்கிறது. எட்டு வருடத்தில் 100 என்பது 5 ஆக வேண்டுமானால் வருடத்துக்கு எத்தனை சதவீதம் குறைய வேண்டும்? 0.05-இன் எட்டாம் படி மூலம் 0.6877, ஆக 31.23 சதவீதம். அந்தக் கணக்கில் உங்கள் கார் நாலரை வருடத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே வந்திருக்கும்! அந்த விலைக்கு நீங்கள் தருவதாக இருந்தால் தெருவே வரிசையில் நிற்கும்.

கன்சல்டிங்காரர் மட்டும்தான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார். அது நியாயமான பதிலா என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. அதே மாடல், அதே வருடம், அதே எரிபொருள், முதல் ஓனர் என்று இருக்கும் வண்டிகள் உங்கள் ஊர்ப் பக்கம் என்ன விலைக்குப் போகின்றன என்று பாருங்கள். அவர் வண்டியைத் துடைத்து, டச்சப் செய்து, ஷெட்டில் நிறுத்தி வைத்து விற்க வேண்டும், கிடைக்கும் மார்ஜினுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் கட்ட வேண்டும். நீங்களே இன்னொரு தனிநபருக்கு விற்றால் அந்த ஜிஎஸ்டி கிடையாது. அந்த இடைவெளி உங்கள் அலைச்சலுக்குக் கட்டுப்படியாகுமா என்பதுதான் முடிவு.

கேள்வி: பதினொன்றாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். மடக்கை, அடுக்குச் சார்பு இரண்டையும் நிஜ எண்களோடு காட்ட ஆசை. பழைய கார் விலையை வைத்து மாணவர்களே ஒரு வளைவு கண்டுபிடிக்கும்படி செய்ய முடியுமா? (ஆசிரியை, விருதுநகர்)

தாராளமாக முடியும் டீச்சர், இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. ஒரே ஒரு மாடலை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பல மாடல்களைக் கலந்தால் குழம்பிவிடும். விளம்பரங்களில் வரும் வயதையும் விலையையும் எழுதிக்கொண்டு வரட்டும். வழிமுறையைக் காட்டுவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை: ஒரு வருட வண்டி 7 லட்சம், மூன்று வருடம் 5.3, ஐந்து வருடம் 4, ஏழு வருடம் 3.

முதலில் இதை அப்படியே கிராஃப் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். வளைந்து வரும், என்ன வளைவு என்று கண்ணால் சொல்ல முடியாது. பிறகு விலைக்குப் பதிலாக விலையின் மடக்கையைக் குறிக்கச் சொல்லுங்கள். 10-ஐ அடிமானமாகக் கொண்டால் 0.845, 0.724, 0.602, 0.477. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 0.121, 0.122, 0.125 என்று ஏறக்குறைய ஒரே அளவில் குறைகிறது பாருங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டன. வகுப்பில் அந்த நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும். மீச்சிறு வர்க்க முறையில், அதாவது எல்லாப் புள்ளிகளுக்கும் மிக நெருக்கமாகப் போகும்படி கோடு போட்டால் சாய்வு வருடத்துக்கு −0.0613, அதைத் திரும்ப மாற்றினால் ஒவ்வொரு வருடமும் விலை 0.868-ஆல் பெருக்கப்படுகிறது, அதாவது வருடம் 13.2 சதவீத இறக்கம். எத்தனை வருடத்தில் பாதியாகும் என்று மனக்கணக்காகச் சொல்ல ஒரு வழி உண்டு: 70-ஐச் சதவீதத்தால் வகுத்து, வருவதிலிருந்து ஒரு வருடத்தின் மூன்றில் ஒரு பங்கை, அதாவது சுமார் 0.33-ஐக் கழியுங்கள். 70-ஐ 13.2-ஆல் வகுத்தால் 5.3, 0.33 கழித்தால் சுமார் 5 வருடம். கால்குலேட்டரில் போட்டாலும் 4.9 வரும்.

இப்போது அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டி, வயது பூஜ்யத்தில் எங்கே வெட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 8.08 லட்சம் வரும். அந்த மாடலின் ஷோரூம் விலை 8.2 லட்சம் என்றால், தமிழ்நாட்டில் 13 சதவீத லைஃப் டேக்ஸ், இன்ஷூரன்ஸ், பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்து ஆன்ரோடு சுமார் 9.7 லட்சம். ஆக 9.7-க்கும் 8.08-க்கும் நடுவில் இருக்கும் 1.6 லட்சத்தை வளைவு விளக்கவில்லை. அது காலத்தால் வந்த தேய்மானமே அல்ல, பதிவான அன்றே போன பணம். அதில் பெரும்பகுதி வரி. மீதிக்கு ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970-இல் ஒரு காரணம் சொன்னார். வாங்கி ஒரு மாதத்தில் ஒருவர் வண்டியை விற்க வந்தால், அதில் ஏதோ குறை இருக்கிறது என்று வாங்குபவர் சந்தேகப்படுவார், விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது, அந்தச் சந்தேகத்துக்கான தள்ளுபடி நல்ல வண்டியின் தலையிலும் விழும். பழைய கார்ச் சந்தையை வைத்து அவர் தொடங்கிய அந்த ஆய்வுக்காக 2001-இல் நோபல் பரிசு பகிர்ந்து தரப்பட்டது. உங்கள் மாணவர்கள் கிராஃப் தாளில் அதை ஒரு இடைவெளியாகப் பார்க்கப் போகிறார்கள்.

மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு, இவற்றைத் தவறவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை, கைமாறும் விலை அல்ல. எல்லாரும் ஒரே விகிதத்தில், உதாரணமாக 7 சதவீதம் கூட்டிக் கேட்டால் என்ன ஆகும்? மடக்கையில் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு மேலே நகரும், கோட்டின் சாய்வு மாறாது. அதனால் வருடாந்திர இறக்கத்தை நம்பலாம், தொடக்க மதிப்பைத்தான் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், அடிபட்டுப் போன வண்டி, பிரித்து விற்கப்பட்ட வண்டி எதுவும் விளம்பரத்துக்கு வராது. பத்து வருட வண்டி என்று கண்ணில் படுவதெல்லாம் நன்றாக வைத்துக்கொண்ட வண்டிகள், அதனால் வளைவின் கடைசிப் பகுதி நிஜத்தைவிட மெதுவாக இறங்குவதுபோல் தெரியும். கிலோமீட்டரையும் இன்னொரு மாறியாகச் சேர்க்கலாம், ஆனால் வயதும் கிலோமீட்டரும் சேர்ந்தே ஏறுவதால் எது எவ்வளவு குறைத்தது என்று பிரிக்க நாலு புள்ளி போதாது, குறைந்தது முப்பது நாற்பது வண்டிகளாவது வேண்டும். குறைவாக ஓடிய பழைய வண்டியும் அதிகம் ஓடிய புது வண்டியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாக வேண்டும்.

கேள்வி: புதுசு வாங்குவதா, மூன்று வருட வண்டி வாங்குவதா? ஐந்து வருடம் வைத்திருப்பேன். (வாசகர், தஞ்சாவூர்)

மேலே போட்ட வளைவையே எடுத்துக்கொள்வோம். புதுசை 9.7-க்கு வாங்கி ஐந்து வருடத்தில் 3.98-க்கு விற்றால் போனது 5.72 லட்சம், வருடத்துக்கு 1.14 லட்சம். மூன்று வருட வண்டியை 5.28-க்கு வாங்கி எட்டாவது வருடம் 2.61-க்கு விற்றால் 2.67 லட்சம், வருடத்துக்கு 53,000. வித்தியாசம் வருடத்துக்கு 61,000. பழைய வண்டியின் கூடுதல் பராமரிப்பு, அதாவது டயர், பேட்டரி, கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 61,000-க்கு மேல் போகும் என்றால்தான் புதுசு லாபம். சின்னக் காருக்கு அவ்வளவு ஆகாது. முடங்கிக் கிடக்கும் பணத்துக்கான வட்டியைச் சேர்த்தால் புதுசின் பக்கம் இன்னும் கனக்கும். புது வண்டி வேண்டும் என்ற ஆசைக்கு விலை வைக்க நான் யார், ஆனால் அந்த ஆசையின் விலை இவ்வளவு என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ரொம்பப் பழசுக்கும் போக வேண்டாம். விலை இறக்கம் வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வரும், ரிப்பேர்ச் செலவு ஏறிக்கொண்டே போகும், இரண்டின் கூட்டுத்தொகை எங்கோ ஒரு இடத்தில் மிகக் குறைவாக இருக்கும். 15 வருடத்தில் ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டிவரும், அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது.

கேள்வி: 90 சதவீதம் லோன், 7 வருடம் என்று டீலர் சொல்கிறார். மாதத் தவணை கைக்கு அடக்கமாக இருக்கிறது. ஏதாவது சிக்கல் உண்டா? (செவிலியர், நாகர்கோவில்)

உண்டு. இதை அழுத்திச் சொல்லவே உங்கள் கேள்வியை எடுத்தேன். காரின் மதிப்பு முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கும். லோன் பாக்கி நேர் எதிர், தொடக்கத்தில் தவணையில் ஏறக்குறைய பாதி வட்டிக்குப் போவதால் மெதுவாகக் குறைந்து, கடைசியில்தான் வேகம் பிடிக்கும். இந்த இரண்டு வளைவுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பதுதான் கேள்வி.

மேலே வளைவு போட்ட அதே காரையே எடுப்போம். ஆன்ரோடு 9.7 லட்சம், லோன் 8.7 லட்சம், வட்டி 9.5 சதவீதம், 84 மாதம் என்று வைத்தால் தவணை 14,219 ரூபாய். ஒரு வருடம் முடிந்ததும் பாக்கி 7.78 லட்சம், கார் 7.01. இரண்டு வருடத்தில் பாக்கி 6.77, கார் 6.09. மூன்றில் 5.66-க்கு எதிராக 5.28. நாலாவது வருடம் முடியும்போதுதான் பாக்கி 4.44 ஆகவும் கார் 4.59 ஆகவும் மாறி நீங்கள் மேலே வருகிறீர்கள். அதுவரைக்கும், வேலை மாறி வெளிநாடு போகிறேன், காரை விற்றுக் கடனை அடைக்கிறேன் என்று நினைத்தால் கையிலிருந்தும் பணம் போட்டாக வேண்டும்.

விற்காவிட்டாலும் ஆபத்து இருக்கிறது. இரண்டாவது வருடத் தொடக்கத்தில் வண்டி டோட்டல் லாஸ் ஆனால் ஐடிவி என்ன? ஷோரூம் விலை 8.2 லட்சத்தில் 20 சதவீதம் கழித்து 6.56 லட்சம். வங்கிக்குக் கட்ட வேண்டியது 7.78. வண்டியும் இல்லை, 1.2 லட்சம் கடன் மட்டும் மிச்சம். இதற்காகத்தான் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கூடுதல் கவர் இருக்கிறது, முதல் மூன்று வருடம் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜீரோ டெப் என்று விற்பது வேறு, அது பழுதுபார்க்கும்போது பாகங்களுக்குப் பிடிக்கும் கழிவைத் தவிர்ப்பது. ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு 50 சதவீதம், ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம் என்று பிடிப்பார்களே, அது. டோட்டல் லாஸில் இந்தப் பள்ளத்தை அது நிரப்பாது.

இன்னொரு வழியையும் போட்டுப் பார்த்தேன். கையிலிருந்து 20 சதவீதம் போட்டு, 7.76 லட்சத்தை 5 வருடத்துக்கு எடுத்தால் தவணை 16,298. மாதம் 2,100 ரூபாய்தான் கூடுதல். முதல் நாளிலேயே பாக்கி 7.76, கார் 8.08. ஒரு வருடத்தில் 6.49-க்கு 7.01. எந்த மாதத்திலும் கடன் காரைத் தாண்டவில்லை. மாதம் அந்த 2,100 முடியாது என்றால், நான் சொல்வேன், ஒரு படி குறைந்த மாடலைப் பாருங்கள்.

கேள்வி: 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைந்ததைச் சொல்லி என் பழைய காரை 40,000 ரூபாய் குறைத்துக் கேட்கிறார்கள். வரி குறைந்தது புது காருக்குத்தானே? (வாசகி, கோவை)

அவர்கள் கேட்பதில் கணக்கு இருக்கிறது அம்மா. செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு செஸ்ஸோடு 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. 129 ரூபாய் பொருள் 118 ரூபாய்க்கு வந்தது, அதாவது 8.5 சதவீதக் குறைவு. பழைய கார் விலை தனியாக நிற்பதில்லை, புதுசு என்ன விலை என்பதைப் பார்த்துத்தான் வாங்குபவர் பேசுகிறார். மடக்கைக் கோட்டில் சொன்னால் மொத்தக் கோடும் ஒரே அளவு கீழே இறங்கிவிட்டது, சாய்வு மாறவில்லை. 5 லட்சம் வண்டிக்கு அது சுமார் 42,600 ரூபாய்.

இதில் உங்களுக்கு நஷ்டமா என்பது அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதை விற்று, முன்பு 9 லட்சமாக இருந்த புதுக் காரை வாங்குகிறீர்கள் என்றால் அங்கே 76,700 ரூபாய் மிச்சம். இங்கே போனதைக் கழித்தாலும் 34,000 உங்கள் பக்கம். விற்றுவிட்டு பஸ்ஸில் போகப் போகிறேன் என்றால் முழு நஷ்டம்தான்.

கேள்வி: நிறுவனத்தின் பெயரில் டிசம்பரில் 12 லட்சத்துக்குக் கார் வாங்கினால் தேய்மானம் முழுசாகக் கிடைக்குமா? (பின்னலாடைத் தொழில், திருப்பூர்)

அந்த நிதியாண்டில் பாதிதான். மார்ச் 31-க்குள் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் 15-க்குப் பதில் 7.5 சதவீதம், அதாவது 90,000. அடுத்த வருடம் மிச்சமிருக்கும் 11.1 லட்சத்தில் 15 சதவீதம், 1,66,500. இந்த வருடம் விட்டது காணாமல் போவதில்லை, மதிப்பில் தங்கி அடுத்தடுத்த வருடங்களில் வரும், தாமதம்தான். முழு 15 வேண்டுமென்றால் அக்டோபர் முதல் சில நாட்களுக்குள் வண்டி ஓடத் தொடங்க வேண்டும், அதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: டெல்லியில் வேலை. 2019-இல் 15 லட்சத்துக்கு வாங்கிய டீசல் எஸ்யூவி, இங்கே இரண்டு லட்சத்துக்குக் கேட்கிறார்கள். ஊரில் அதே வண்டி ஐந்துக்கு மேல் போகிறது என்கிறான் தம்பி. இதற்கு என்ன கணக்கு? (வாசகர், டெல்லி)

டெல்லியில் டீசல் வண்டிக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014-15-இல் வரம்பு வைத்தது, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இப்படி ஒரு கடைசித் தேதி இருந்தால் அடுக்குச் சார்பு அப்படியே பொருந்தாது. ஒரு காரின் விலை என்பது அது இனி தரப்போகும் வருடங்களின் விலை. பத்தாவது வருடத்தில் கதவு மூடிவிட்டால், பத்துக்குப் பிறகு வரவேண்டிய வருடங்களின் மதிப்பு மொத்தமாகக் கழிகிறது.

எண்களில் பாருங்கள். வருடம் 13.2 சதவீத இறக்கத்தில், வரம்பு இல்லாத ஊரில் ஏழு வருட வண்டி 15 லட்சத்தில் 37 சதவீதம், 5.57 லட்சம். பத்தாவது வருடத்தில் அதே வளைவு 24 சதவீதம், அதாவது 3.64 லட்சம். டெல்லியில் எல்லா வயதிலும் இந்த 3.64-ஐக் கழித்துவிட வேண்டும். ஏழாவது வருடத்தில் மிச்சம் 1.93 லட்சம். உங்களிடம் கேட்ட இரண்டு லட்சம் இங்கிருந்து வருகிறது. கழிக்கும் தொகை எப்போதும் ஒன்றுதான், ஆனால் ஒரு வருட வண்டிக்கு அது விலையில் 28 சதவீதம், ஐந்து வருட வண்டிக்குப் பாதி, ஏழில் மூன்றில் இரண்டு பங்கு. அதனால்தான் திடீரென்று விழுந்ததுபோல் தோன்றுகிறது.

ஆனால் இரண்டு லட்சத்துக்குச் சம்மதிக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாக வைத்துக் கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அதே டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 என்ற புகை அளவுத் தரத்துக்கும் அதற்கு மேற்பட்ட தரத்துக்கும் உரிய வண்டிகளுக்கு மட்டும் என்று மாறியது. உங்களுடைய 2019 வண்டி பிஎஸ்-4. கதவு மூடாமல் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று எடுத்தால்கூட 5.57-க்கும் 1.93-க்கும் நடுவில், 3.75 லட்சம் வருகிறது. கேட்பவர் இன்னும் முழு வரம்பும் இருப்பதுபோல் விலை சொல்கிறார்.

இன்னொரு பக்கம், என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி வேறு மாநிலத்துக்கு விற்கும் வழி. அங்கே கிடைக்கும் 5.57-இல் வண்டியைக் கொண்டுபோகும் செலவு, அந்த மாநிலத்தில் வயதுக்கு ஏற்பக் கட்ட வேண்டிய வரி, மறுபதிவு, இடையில் நிற்பவருக்கான பங்கு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் போனாலும் 4 லட்சத்துக்கு மேல் நிற்கும். தம்பியை அங்கே வாங்கத் தயாராக இருப்பவரிடம் எழுத்தில் ஒரு விலை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் ஆர்டிஓவில் அந்த வரி எவ்வளவு என்று விசாரியுங்கள். கழித்து வருவது டெல்லியில் கேட்கும் விலையைவிட அதிகமாக இருக்கும்வரை அங்கேதான் விற்க வேண்டும்.